ஆறாவது பாடம்

அந்த நாயின் பெயர் மணி. அல்சேஷன், ஒன்றரை வயது. கோவையில் காளப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. 2004-ல் இரண்டு மாதம், தினமும் காலை ஆறு மணிக்குப் போய் அதற்குப் பாடம் எடுத்தேன். சிட், டவுன், ஸ்டே, ஹீல், கம் என்று ஐந்து பாடம். கடைசி நாள் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களையெல்லாம் வரவழைத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார். மணி ஒரு பிசகு செய்யவில்லை. நடுவாசலில் அதைப் படுக்கச் சொல்லிவிட்டுக் கேட் வரை நடந்து போய்த் திரும்பி வந்தேன். காது மட்டும்தான் அசைந்தது. கை தட்டினார்கள். மீதிப் பணத்தோடு ஒரு சீப்புப் பூவன்பழமும் கொடுத்து அனுப்பினார்கள்.

பத்து நாள் கழித்து அந்த வழியாகப் போகும்போது எட்டிப் பார்க்கலாமென்று வண்டியைத் திருப்பினேன். வாசலில் மணியைக் காணோம். வீட்டம்மாதான் வந்தார்.

“உங்க வண்டிச் சத்தம் முக்குல கேட்டாப் போதுங்க தம்பி, கட்டிலுக்கடியில போய்ப் பூந்துக்குது. மொதல்லயிருந்தே அப்படித்தான். நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொல்லலை. தெனமும் நீங்க உள்ள வர்றதுக்குள்ள நாங்களே இழுத்துட்டு வந்து வாசல்ல கட்டிப் போடுவோம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் உள்ளே போய்க் குனிந்து பார்த்தேன். சுவரோடு ஒட்டிக் கிடந்தது. தரையில் ஈரம். என்னைக் கண்டதும், தலை கட்டில் சட்டத்தில் இடிக்க இடிக்க, நான் ஒன்றும் சொல்லாமலே ‘சிட்’ உட்காரப் பார்த்தது.

ஐந்து பாடம் சொல்லிக்கொடுத்திருந்தேன். நாய் ஆறு படித்திருந்தது. ஆறாவது பாடம், என் ஆர்எக்ஸ் 100.

இந்தத் தொழிலுக்கு நான் வந்தது 1997-ல். பாலிடெக்னிக் முடித்து வேலை கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தபோது, மத்தியப் படை ஒன்றின் நாய்ப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்திருந்த ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். முதல் ஆறு மாதம் கென்னல் கழுவினேன், உண்ணி பிடுங்கினேன். பிறகு ஒருநாள் கையில் சோக் செயினைக் கொடுத்தார்.

இரண்டு முனையிலும் வளையம் வைத்த இரும்புச் சங்கிலி அது. ஒரு வளையத்துக்குள் சங்கிலியை நுழைத்தால் சுருக்காகிவிடும். நாய்க்கு நேர் எதிரே நின்று பார்த்தால் ‘பி’ எழுத்துப் போலத் தெரிய வேண்டும். மாற்றிப் போட்டால் இறுகின சுருக்கு தானாகத் தளராது. நாய் முந்தினால் ஒரே வெட்டு, உடனே விட்டுவிட வேண்டும். “இழுக்கிறதுக்கு எந்த மடையனாலும் முடியும், விடுறதுலதான் வித்தை இருக்கு” என்பார். ஜெர்மன் போலீஸ் நாய்களுக்காக கொன்ராட் மோஸ்ட் என்பவர் 1910-லேயே புத்தகம் போட்டிருக்கிறார்; மாஸ்டர் கற்றது கிட்டத்தட்ட அதே வழிதான் என்பது பின்னால் தெரிந்தது. மாஸ்டருக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. கைக்குக் கை வந்த வித்தை.

அது வேலை செய்யாது என்று இன்றைக்குச் சிலர் பேசுகிறார்கள். நான் அப்படிச் சொன்னால் பொய். நன்றாகவே வேலை செய்தது. மூன்று வாரத்தில் எந்த நாயையும் காலோடு நடக்க வைப்பேன். அதனால்தான் ஏழு வருஷம் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

மணியைக் கட்டிலுக்கடியில் பார்த்த அடுத்த வருஷம் என் மனைவி பி.எட். சேர்ந்தாள். இரவு சமையல் வேலை முடிந்தபின் ‘கல்வி உளவியல்’ புத்தகத்தை என் கையில் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லுவாள். தூண்டல், துலங்கல், ஆக்கநிலையுறுத்தம், வலுவூட்டி. வார்த்தைகளைப் பார்த்தால் நமக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று என்றுதான் நினைத்தேன். பக்கத்தைத் திருப்பினால் ஒரு நாய். வார் போட்டுக் கட்டி, கன்னத்திலிருந்து குழாய் இறங்கும் படம்.

“நாயைக் கட்டி வெச்சு எச்சிலை எண்ணியிருக்கார் பாருங்க மனுஷன்” என்றாள்.

இவான் பாவ்லவ் நாய் பழக்குகிறவர் அல்ல, வயிற்றைப் படித்தவர். நோபல் பரிசு கிடைத்தது 1904-ல், ஜீரணம் பற்றிய வேலைக்கு. சாப்பாடு வாயில் பட்டால் எச்சில் எவ்வளவு சுரக்கிறது என்று சொட்டுச் சொட்டாக அளந்துகொண்டிருந்தவருக்குத் தொல்லையாக வந்தது ஒரு விஷயம்: சாப்பாடு வருவதற்கு முன்பே, அதைக் கொண்டுவரும் ஆளின் காலடிச் சத்தத்துக்கே, எச்சில் ஊறியது. வேறொருவராக இருந்தால் அளவு கெட்டுப்போகிறதே என்று எரிச்சலோடு விட்டிருப்பார். பாவ்லவ் அந்தத் தொல்லையையே மீதி வாழ்நாளுக்கு வேலையாக எடுத்துக்கொண்டார். மெட்ரோனோமின் டிக் டிக், விளக்கு வெளிச்சம், தோலில் ஒரு தொடுதல் என எதை வேண்டுமானாலும் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் காட்டிப் பழக்கினால், அதற்கே எச்சில் ஊறும் என்று கண்டார். மனைவியின் புத்தகத்தில் ‘மணி’ என்று போட்டிருந்தது. எனக்கு வேறு மணி ஞாபகத்துக்கு வந்தது.

அங்கே சாப்பாட்டுக்கு முன் காலடிச் சத்தம். இங்கே கழுத்து வெட்டுக்கு முன் ஆர்எக்ஸ் சத்தம். நாய் எதுவும் செய்ய வேண்டியதில்லை, முயற்சி வேண்டாம், சம்மதம் வேண்டாம். உடம்பு தானாகப் படித்துவிடுகிறது.

அடுத்த அத்தியாயத்தில் பூனைகள். 1898-ல் எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்கர் பசித்த பூனையைப் பெட்டிக்குள் அடைத்து வெளியே மீனை வைத்தார். பிறாண்டிக் கடித்துப் புரண்டு, தற்செயலாகத் தாழ்ப்பாளில் கால் பட்டுக் கதவு திறந்துகொள்ளும். அடுத்தடுத்த தடவையில் நேரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் உள்ளே போட்டவுடன் தாழ்ப்பாளுக்கே போனது. பலன் கொடுத்த செய்கை நிலைக்கிறது, மற்றது உதிர்கிறது. அதை எலியையும் புறாவையும் வைத்து விரித்துப் பெரிய சாஸ்திரமாக்கியவர் பி. எஃப். ஸ்கின்னர். இங்கே விலங்கு ஏதாவது செய்ய வேண்டும். செய்ததற்கு என்ன கிடைத்தது என்பதுதான் கணக்கு.

இந்த இடத்தில் மனைவியின் நோட்டில் ஒரு தப்பு இருந்தது. எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனை என்று எழுதியிருந்தாள். பல பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள். காரில் சீட் பெல்ட் போடும்வரை கீங் கீங் என்று கத்தி, போட்டதும் நிற்கிறதே, அதுதான் எதிர்மறை வலுவூட்டல். தொல்லை விலகுவதற்காக ஒன்றைச் செய்யக் கற்றுக்கொள்கிறோம். தண்டனை நேர்மாறு: செய்ததற்கு வாங்கிக்கட்டி, செய்வதைக் குறைத்துக்கொள்கிறோம். சோக் செயினில் இரண்டும் உண்டு. வெட்டு தண்டனை, விடுதல் வலுவூட்டல். மாஸ்டர் சொன்ன அந்த வித்தையை விளக்கப் புத்தகத்தில் அரைப் பக்கம் ஆகியிருந்தது.

பரீட்சையில் பாவ்லவுக்குத் தனியாக ஐந்து மார்க், ஸ்கின்னருக்குத் தனியாக ஐந்து மார்க். நாய்க்கு அத்தியாயம் பிரித்துப் படிக்கத் தெரியாது. நான் ஸ்கின்னரின் பாடத்தை நடத்திக்கொண்டிருந்த அதே நிமிஷத்தில், என் பின்னால் பாவ்லவ் நின்று வேறொன்றை நடத்திக்கொண்டிருந்தார். உட்கார்ந்தால் கழுத்து தளரும் என்பது என் பாடம். இந்த மனுஷன், இந்தச் சங்கிலிச் சத்தம், இந்த வண்டி, இந்த ஆறு மணி எல்லாமே வலி என்பது அவர் பாடம். எனக்கு முன் பக்கம் மட்டும்தான் தெரிந்தது.

கோழி ஈரலுக்கு மாறினேன். உப்பில்லாமல் வேகவைத்துப் பட்டாணி அளவுக்கு நறுக்க வேண்டும். வெங்காயம் நாய்க்கு ஆகாது. கிளிக்கர் என்று ஒரு டப்பி உண்டு, அழுத்தினால் ‘டிக்’ என்னும். எனக்கு அது அப்போது கிடைக்கவில்லை. மாட்டு வண்டிக்காரர்கள் நாக்கைச் சுண்டிப் போடுவார்களே ‘டொக்’ என்று, அதைத்தான் பயன்படுத்தினேன். இன்றைக்கும் அதுதான். முதலில் டொக், பிறகு ஈரல், நாய் சும்மா நின்றால் போதும். இருபது முப்பது தடவையில் டொக் சத்தத்துக்கே முகம் மலரும். அது பாவ்லவ். அதன் பிறகு நாய் உட்காரும் அந்தக் கணத்தில் டொக். அது ஸ்கின்னர். இந்த முறை இரண்டு பேரையும் நானே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தேன்.

சொல்ல எளிது. ஆரம்பத்தில் கை முந்திவிடும். ஈரலை நீட்டிவிட்டு டொக் போடுவேன். அப்படிப் போட்டால் அந்தச் சத்தத்துக்கு மதிப்பே வராது. சாப்பிட்டு முடித்தவனிடம் இலை போட்டாச்சு என்று சொல்வது மாதிரி. சில சமயம் டொக் பிந்திவிடும். ஒரு லேப் உட்கார்ந்து இடது காலைத் தூக்கிய பிறகு போட்டுவிட்டேன், அடுத்தடுத்து நாலைந்து தடவை. அது ஆயுசு முழுக்க உட்காரும்போதெல்லாம் இடது காலைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தது. புறாக்கள் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் 15 விநாடிக்கு ஒருமுறை தீனி விழும்படி ஸ்கின்னர் வைத்துப் பார்த்திருக்கிறார், 1948-ல் எழுதினார். தீனி விழுந்தபோது தற்செயலாக என்ன செய்துகொண்டிருந்ததோ அதையே, ஒன்று சுற்றிச் சுற்றி வருவதும், இன்னொன்று கூண்டின் மூலையில் தலையை முட்டுவதுமாகச் செய்துகொண்டிருந்தனவாம். எங்கள் லேப்பைப் பார்த்த வீட்டுக்காரர் மட்டும், “நமஸ்காரமும் சொல்லிக் குடுத்துட்டீங்களே” என்று சந்தோஷப்பட்டார். நான் மறுக்கவில்லை.

மாஸ்டர் கேள்விப்பட்டு ஆள் விட்டார். போனேன். “தீனி காட்டி வேலை வாங்குறவன் ட்ரெய்னரா, மாப்பிள்ளைக்கு விருந்து வெக்கிற மாமியாரா?” என்றார். அதற்குப் பிறகு நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

என்னைவிடத் தேர்ந்த ட்ரெய்னர் ஒருவரை ஆர்.எஸ்.புரத்தில் பார்த்தேன். எண்பது வயதுப் பாட்டி. வீட்டில் ஒரு பக் நாய், ஆள் சாப்பிட உட்கார்ந்தால் குரைத்துத் தீர்க்கும். யாரும் ஒன்றும் போடக் கூடாது, போடாவிட்டால் தானாக நின்றுவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். குரைப்பு நிற்கும் முன் ஒரு தடவை ஏறும். அணையப் போகிற விளக்கு பிரகாசமாக எரிகிற மாதிரி. அதையும் சொல்லியிருந்தேன். ஐந்தாம் நாள் விளக்கு நன்றாக எரிந்திருக்கிறது. பாட்டிக்குப் பொறுக்கவில்லை. “ஏம்ப்பா, வாயில்லா ஜீவன்” என்று ஒரு உருண்டை தயிர் சாதம். (வாயில்லா ஜீவன் குரைத்த குரைப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வந்திருக்கிறார்.) ஐந்து நாள் விடாமல் குரைத்தால் கிடைக்கும் என்பதைப் பாட்டி ஒரே உருண்டையில் கற்பித்துவிட்டார்.

எப்போதும் கிடைப்பது நின்றால் சீக்கிரம் விட்டுவிடும். எப்போதாவது கிடைப்பதைத்தான் விடவே விடாது. ஸ்கின்னர் இதில் இறங்கியது ஒரு சனிக்கிழமை மதியம். எலிகளுக்கான தீனி உருண்டையை அவர் கையாலேயே பிடித்துக்கொண்டிருந்தார். கணக்குப் பார்த்தால் திங்கட்கிழமை காலைக்குள் தீர்ந்துவிடும் போலிருந்தது. சரி, ஒவ்வொரு அழுத்தலுக்கும் வேண்டாம், நிமிஷத்துக்கு ஒன்று போதும் என்று வைத்தாராம். எலிகள் அழுத்துவதை விடவில்லை. லாட்டரிக் கடை வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியமில்லை. கடைசியில் பாட்டியை நிறுத்தும் எண்ணத்தை விட்டுவிட்டேன். மூலையில் ஒரு பாய் போட்டு, நாய் அதில் படுத்திருந்தால் மட்டும் பாட்டி கையாலேயே கொடுக்கச் சொன்னேன். இரண்டு வாரத்தில் வீடு அமைதியானது. பாட்டிக்கும் திருப்தி.

எல்லாமே இப்படி முடியவில்லை. 2016-ல் சென்னை முடிச்சூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பம் கூப்பிட்டது. ஜூலி, நாலு வயது லேப். முந்தின டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளம் மூழ்கி, ஆட்களும் அதுவுமாக ஒன்றரை நாள் மொட்டை மாடியில் இருந்திருக்கிறார்கள். தண்ணீர் ஏறும்போது அது கீழே கட்டிக் கிடந்ததாம்; இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தூக்கி வந்திருக்கிறார்கள். கோவை வீட்டில் வெள்ளம் வர வழியில்லை. ஆனால் மாடித் தொட்டி நிரம்பிப் பின்கட்டில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தால் ஜூலி சோபா மேல் ஏறி நடுங்கும். சிட் தெரியாது, பெயர் தெரியாது, ஈரலை மூக்கில் வைத்தாலும் தெரியாது.

வீட்டுக்கு வந்து மனைவியின் பழைய புத்தகத்தைத் தாண்டித் தேடிப் படித்தேன். 1924 செப்டம்பரில் நேவா நதி பெருகி லெனின்கிராடுக்குள் புகுந்தது. பாவ்லவின் நாய்க் கொட்டடிக்குள்ளும் தண்ணீர். கூண்டுகளின் கதவு கீழே இருந்தது. நாய்கள் மேலே மூக்கை நீட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. காப்பாற்றப் போனவர்கள் அவற்றைத் தண்ணீருக்குள் அமுக்கித்தான் கதவு வழியாக வெளியே இழுக்க முடிந்தது. பிழைத்த சில நாய்கள் அதுவரை கற்ற எல்லாவற்றையும் தொலைத்துவிட்டன. வாரக்கணக்கில் பொறுமையாக மீட்டெடுத்த பிறகு, பாவ்லவ் பரிசோதனை அறைக் கதவின் அடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசிய விட்டார். மறுபடி எல்லாம் போய்விட்டது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். பின்கட்டுத் தரையில் ஒரு வரி ஈரம், அதே தண்ணீர்.

அதே 1924-ல்தான் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி நியூயார்க்கில் செய்த வேலையை எழுதியிருக்கிறார். பீட்டர் என்ற சின்னப் பையனுக்கு முயல் என்றால் பயம். அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் நெருக்கிக் கொண்டுவந்தார். கடைசியில் பையன் ஒரு கையால் முயலைத் தடவினான். நான் ஜூலிக்குச் செய்ததும் இதுதான். மூன்று அறை தள்ளிக் குளியலறையில் வீட்டுப் பையன் ஒரு சொட்டு விடுவான். நான் இங்கே ஈரல் கொடுப்பேன். சொட்டு முந்த வேண்டும், ஈரல் பிந்த வேண்டும். ஈரலை வாங்க மறுத்தால் நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம்; இரண்டு படி இறங்க வேண்டும். பையனுக்குச் சலித்துப்போய் ஒருநாள் குழாயையே திறந்துவிட்டான். பத்து நாள் வேலை போனது. திட்ட வாய் வரவில்லை. அவனுக்குப் பதிமூன்று வயது, நான் அவனுக்கு ஈரல் எதுவும் கொடுக்கவில்லையே.

நாலு மாதத்தில் பக்கத்து அறையில் பக்கெட் நிரம்பினாலும் ஜூலி தூங்கியது. நவம்பரில் முதல் பெரிய மழை. இரவு பதினொன்றுக்குப் போன் வந்தது. சோபா மேல் நிற்கிறதாம். மறைந்துவிட்டது என்று நினைத்தது சும்மா இருந்துவிட்டுத் திரும்பி வரும் என்பதையும் பாவ்லவே பார்த்திருக்கிறார். மறுபடி முதல் சொட்டு. இரண்டாவது தடவை சீக்கிரம் முடிந்தது. அந்த வீட்டுக்காரர் தொட்டிக்கு ஆட்டோமேட்டிக் கட்-ஆஃப் மாட்டினார். உண்மையைச் சொன்னால், என் நாலு மாதத்தைவிட அது அதிகம் உதவியது.

அடியோடு தோற்ற இடமும் உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் சிப்பிப்பாறை ஒன்று. விசில் அடித்தால் எங்கிருந்தாலும் அம்பு மாதிரி வரும். முந்நூறு தடவைக்கு மேல் பழக்கியிருந்தேன். வீட்டுக்காரர் முன்னால் காட்டிக்கொண்டிருந்தபோது வரப்பில் ஒரு மயில் ஓடியது. அவ்வளவுதான். விசில், டொக், ஈரல், நான், எதுவும் உலகத்தில் இல்லை. ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரேலண்டும் மரியன் பிரேலண்டும் அர்கன்சாஸில் விலங்கு பழக்குவதையே வியாபாரமாக நடத்தியவர்கள். ரக்கூனுக்குக் காசை உண்டியலில் போடப் பழக்கினார்கள். ஒரு காசு என்றால் ஒருமாதிரி போட்டது. இரண்டு கொடுத்தால் உரசிக்கொண்டே உட்கார்ந்துவிட்டது, இரைக்குச் செய்வது மாதிரி. சாப்பாடு தள்ளிப் போகிறதே என்ற கவலையில்லை. கற்றதைப் பிறவிக்குணம் இழுத்துக்கொண்டு போகும் என்று 1961-ல் எழுதினார்கள். குருவுக்கு எதிராக எழுதத் தைரியம் வேண்டும். நான் வீட்டுக்காரரிடம் நீளமான கயிறு வாங்கச் சொன்னேன். துரத்துவதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்த்த நாய் அது.

மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவி பரீட்சை எழுதிய மாதத்தில் காளப்பட்டிக்குப் போனேன். வண்டியை அரை மைல் தள்ளி பேக்கரியில் நிறுத்திவிட்டு நடந்தேன். சட்டை மாற்றி, செருப்பு மாற்றி, காலை ஆறுக்குப் பதில் சாயங்காலம். பணம் வேண்டாம் என்றதும் வீட்டம்மா சந்தேகமாகப் பார்த்தார். முதல் வாரம் வாசல் திண்ணையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பின்பக்கமாக ஈரலை எறிந்துவிட்டு வந்தேன். மூன்றாம் வாரம் பக்கத்தில் வந்து, கழுத்தை நீட்டி, உள்ளங்கையிலிருந்தே எடுத்தது. நான் எதுவும் சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. இரண்டாவது துண்டை எடுத்தபோது வால் இரண்டு தடவை ஆடியது. வீட்டம்மா கதவோரம் நின்று, “அட, வந்துருச்சுங்களே” என்றார்.

அப்போது ரோட்டில் யாரோ ஒரு பையன் ஆர்எக்ஸில் போனான். என் வண்டி இல்லை.

மணி ஈரலைக் கீழே போடவில்லை. வாயில் கவ்வியபடியே கட்டிலுக்கடியில் போனது.